நிஷாகந்தி: ஒரு துண்டிலிருந்து ஓர் இரவு வரை

நர்சரியில் பிரம்ம கமலம் என்று கேட்டால் இரவில் பூக்கும் இந்த நிஷாகந்திச் செடியைத்தான் தருவார்கள். இமயமலையில் பூக்கும், உத்தராகண்டின் மாநில மலரான பிரம்ம கமலம் வேறு. அது சூரியகாந்திக் குடும்பம். நம் மாடிகளில் வளர்வது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளி. இலை என்று நாம் சொல்வது உண்மையில் தட்டையான தண்டு. கள்ளிதானே என்று உச்சி வெயிலில் வைத்தால் தண்டு வெளுத்துக் கருகும். பூச்செடிதானே என்று தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். காட்டில் இது மரக்கிளை இடுக்கில், மக்கிய சருகில் வேர் விட்டு, அரைநிழலில் வாழும் செடி. தொட்டியிலும் அதையே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம். நன்கு முற்றிய தண்டில் 15 முதல் 20 செ.மீ. துண்டு எடுக்கவும். இளம்பச்சைக் கொழுந்து வேண்டாம், அழுகிவிடும். வெட்டிய வாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் 4 முதல் 7 நாள் கிடக்கட்டும். சாறு சொட்டச் சொட்ட உடனே நட்டுவிடுவதால்தான் பெரும்பாலான துண்டுகள் போகின்றன. எந்த முனை கீழே இருந்தது என்பதை வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர் பிடிப்பது கஷ்டம்.

கலவை: தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, கையளவு செங்கல் சல்லி. செம்மண் மட்டும் போட்டால் மழைக்காலத்தில் இறுகிவிடும். துண்டை 4 செ.மீ. ஆழம் ஊன்றி, சாயாமல் குச்சியோடு கட்டினால் போதும். நட்ட முதல் வாரம் தண்ணீர் தெளிப்பு மட்டுமே.

முதல் இரண்டு வருடம். பார்க்க ஒன்றும் இருக்காது. தண்டுகள் கோணல்மாணலாக நீளும், செடிக்கு ஒரு வடிவமே வராது. அழகில்லை என்று மூலையில் தள்ளிவிடுகிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் படட்டும். மீதி நேரம் வெளிச்சமான நிழல். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். தழைச்சத்து மிகுந்தால் சாட்டை போல நீண்ட தண்டுகள் வருமே தவிர மொட்டு வராது. தொட்டியை அடிக்கடி மாற்றவும் வேண்டாம்; வேர் சற்று நெருக்கமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கிறது. மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கவும்.

மொட்டு. தண்டின் ஓரப் பள்ளத்தில் குண்டூசித் தலை அளவு செம்பழுப்பில் எட்டிப் பார்க்கும். புதுத் தண்டும் அங்கேதான் வரும். தட்டையாக நிமிர்ந்து வளர்ந்தால் தண்டு. உருண்டு திரண்டு, காம்பு நீண்டு தொங்கினால் மொட்டு. அங்கிருந்து மலர ஏறக்குறைய மூன்று, நான்கு வாரம். இந்த நாட்களில் தொட்டியை நகர்த்தாதீர்கள். இடம் மாறினாலும், மண் ஒருமுறை வறண்டு பிறகு வெள்ளமானாலும் மொட்டு மஞ்சளாகி உதிரும். பல மொட்டு வந்தால் சில உதிர்வது இயல்பே.

அந்த இரவு. தொங்கிய மொட்டு தூண்டில் முள் போல வளைந்து நிமிர்ந்து, நுனி பருத்து, வெளி இதழ்கள் பிடி தளர்ந்திருந்தால் பெரும்பாலும் அன்றுதான். அன்று மாலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு மணிக்கு நுனியில் சிறு துவாரம் விழும். மல்லிகையைவிடக் குளிர்ந்த ஒரு மணம் முதலில் வரும், பிறகுதான் வெண்மை தெரியும். விரிவது கண்ணுக்குப் பிடிபடாது. ஐந்து நிமிடம் வேறு பக்கம் பார்த்துத் திரும்பினால் ஓர் இதழ் விலகியிருக்கும். இடையில் பூ லேசாக நடுங்குவதும் உண்டு. பத்து, பதினொரு மணிக்கு உள்ளங்கையைவிட அகலமாகத் திறந்து நிற்கும். உள்ளே மெல்லிய கேசரங்களின் படுக்கை, அதன்மேல் நட்சத்திரமாகப் பிரிந்த சூல்முடி. ஆதிசேஷன்மேல் பெருமாள் பள்ளிகொண்ட கோலம் என்று இதைக் கும்பிடுவது வெறும் பேச்சில்லை. அகல் வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அகலை ஒரு முழம் தள்ளி வையுங்கள். கற்பூரமும் ஊதுபத்தியும் வேண்டாம், மணம் முழுக்க அடிபட்டுப்போகும். டார்ச் வேண்டாம். பூவைப் பறிக்காமல் செடியிலேயே வைத்து வணங்குவதுதான் சரி. தாழ்வான பலகை போட்டு, பூவுக்கு நேர் எதிரே, பேசாமல் உட்காருங்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவதானால் பத்து மணிக்கு மேல் கூப்பிடலாம். அதற்கு முந்திய இரண்டு மணி நேரம் தனியே இருப்பதற்கு உரியது. எத்தனை நாள் தியானத்தில் உட்கார்ந்தும் அடங்காத மனம் இங்கே தானாக அடங்குகிறது. அடுத்து எந்த இதழ் என்று காத்திருக்கும் கண்ணுக்கு வேறு வேலை இல்லாமல் போவதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

விடியும்போது இதழ்கள் கூம்பித் தலை தொங்கிவிடும். பிய்த்தெடுக்க வேண்டாம், சில நாளில் தானே உதிரும். பூத்த தண்டையும் வெட்டாதீர்கள். அதே தண்டின் அடுத்த பள்ளத்தில் மறுபடி மொட்டு வர இடம் இருக்கிறது.