பதிவு எண் இருந்தது, விவரங்கள் பழையவையாக இருந்தன

கடந்த ஆண்டு என் தங்கைக்காகச் சென்னையின் தெற்குப் புறநகரில் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்க்கச் சென்றோம். வாசலில் நின்ற விளம்பரத் தட்டியில் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. அன்றிரவு ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினேன். பதிவில் இருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அலுவலக முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே மருந்துக்கடை நடந்துகொண்டிருந்தது. கட்டுமான நிலை அடித்தளப் பணியோடு நின்றிருந்தது. நாங்கள் பார்த்த கட்டடத்திலோ நான்காவது தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, "அதெல்லாம் ஆபீஸ்ல ஆடிட்டர் பாத்துப்பார் சார், வேலை நடக்குதே, அதைப் பாருங்க" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதிலில் இருந்த அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பதிவு எண் வாங்குவதோடு கட்டுமான நிறுவனத்தாரின் கடமையை முடித்துவிடுவதில்லை. விண்ணப்பத்திலேயே அவர்களுடைய பெயர், பதிவு முகவரி, புகைப்படம், ஒப்பந்ததாரர், கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர் ஆகியோரின் பெயர், முகவரி என எல்லாவற்றையும் தரவேண்டும். அதன் பிறகு 11ஆவது பிரிவின்படி, எந்தெந்த வகை வீடுகள் எத்தனை முன்பதிவாகியுள்ளன, எந்த அனுமதிகள் கிடைத்துள்ளன, எவை நிலுவையில் உள்ளன, கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைக் காலாண்டுதோறும் திட்டத்தின் இணையப் பக்கத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். இதை மீறினால் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க 61ஆவது பிரிவு இடம் தருகிறது.

இதை வெறும் காகித வேலை என்று பில்டர்கள் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வாங்குபவரின் பக்கமிருந்து பார்த்தால் அப்படி இல்லை. வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். பொறியாளரும் கட்டடக் கலைஞரும் பட்டயக் கணக்காளரும் சான்றளித்த பிறகு, முடிந்த வேலையின் விகிதத்துக்கு ஏற்பவே அதிலிருந்து எடுக்கமுடியும். இணையப் பக்கம் இன்னும் அடித்தளத்திலேயே நிற்குமானால், தான் கட்டிய தவணைக்கு ஏற்ற வேலை நடந்திருக்கிறதா என்பதைத் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு பணம் அனுப்பும் ஒருவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? முகவரி பழையதாக இருந்தால், நாளை புகார் என்று வரும்போது அனுப்பும் கடிதமே திரும்பி வந்துவிடக்கூடும். பொறியாளர் இடையில் மாறியிருந்தால், விரிசல் விழுந்த பிறகு யாரைக் கேட்பது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

11ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். தட்டியில் இருந்த தொலைபேசி எண்ணில் பேசி, புதிய முகவரியை நாங்களே கேட்டு வாங்கவேண்டியிருந்தது என்பதையும் அதில் குறிப்பிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பக்கம் புதுப்பிக்கப்பட்டது. முகவரி மாறியிருந்தது, நான்காவது தளம் இடம்பெற்றிருந்தது, நிலுவையில் உள்ள அனுமதிகளின் பட்டியலும் முதன்முறையாக ஏறியிருந்தது. அதில் ஐந்தாவது தளத்துக்கான திருத்திய வரைபடமும் ஒன்று. தங்கைக்கு அவர்கள் காட்டிப் பேசிய வீடு ஐந்தாவது தளத்தில்தான் இருந்தது. 10 சதவீத முன்பணத்துக்கு எழுதிய காசோலையை அவள் இன்னும் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.