ஆஸ்பத்திரிக் கப்பலில் என் முதல் மிஷன் பயணம்

மிஷன் பயணம் போய்த் திரும்பும் வாலிபர்களிடம் எங்கள் குமரி மாவட்டச் சபைகளில் முதலில் கேட்பது, "எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்?" என்பதுதான். அன்போடுதான் கேட்கிறார்கள். ஜெபித்து, காணிக்கை கொடுத்து அனுப்பியவர்களுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் 2024 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு வந்தபின், அதற்கு முன்பே கேட்க வேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன என்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போனது மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பின் 'குளோபல் மெர்சி' கப்பலுக்கு. 1978-இல் டான் ஸ்டீபன்ஸ் தொடங்கிய அமைப்பு இது. 174 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பலில் 6 ஆபரேஷன் தியேட்டர்கள், ஏறக்குறைய 200 படுக்கைகள். 2023 ஆகஸ்ட் மாதம் சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்து நின்றது. சர்ஜன், நர்ஸ், சமையல்காரர், எலக்ட்ரீஷியன் என்று பல நாடுகளிலிருந்து வந்து சேர்கிற தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள். சம்பளம் கிடையாது, விமான டிக்கெட்டும் நம் பொறுப்பு. எனக்குச் சேமிப்பு கொஞ்சம் இருந்தது, மீதியைச் சபையின் வாலிபர் ஐக்கியம் திரட்டித் தந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அதற்கான அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் அங்கே இறங்கவும் முடியாது, திரும்பி வரும்போது இந்தியாவுக்குள் நுழைவதும் சிக்கல். லுங்கி விமான நிலையத்தில் இறங்கி, முகத்துவாரத்தைப் படகில் கடந்தால் ஃப்ரீடவுன்.

ஏன் போனேன் என்று கேட்டால், எங்கள் மாவட்டத்து நெய்யூரைத்தான் சொல்ல வேண்டும். என் பாட்டி பிறந்தது அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில். 1838-இல் லண்டன் மிஷனெரி சங்கம் அங்கே மருத்துவ ஊழியத்தை ஆரம்பித்தது. 1922 எவரெஸ்ட் முயற்சிக்கு வந்த ஆங்கிலேய சர்ஜன் ஹோவர்ட் சாமர்வெல், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போனாரே தவிர, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நெய்யூரில்தான் கத்தி பிடித்தார். அப்புறம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் 'சாமர்வெல் டாக்டர்' என்று சொல்லும்போது குரலே மாறும். அவர் செய்த பிரசங்கம் எதையும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் கையால் பிழைத்தவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள்.

கப்பலில் எனக்குக் கிடைத்தது முகம், தாடை அறுவை சிகிச்சை வார்டு. அமெலோபிளாஸ்டோமா என்று ஒரு கட்டி உண்டு. பல்லை உருவாக்கும் செல்களிலிருந்து தாடையில் வளர்வது. புற்றுநோய் இல்லை, ஆனால் தானாக நிற்காது. நம் ஊரில் பல் எக்ஸ்ரேயிலேயே தெரிந்து, சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். எடுக்க ஆள் இல்லாத இடத்தில் வருஷக்கணக்கில் வளர்ந்து, கடைசியில் சாப்பிடவும் மூச்சு விடவும் விடாது. 2015-இல் வந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, பாதுகாப்பான, செலவு தாங்கக்கூடிய அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்றது. படித்தபோது அது எனக்கு வெறும் எண். வார்டில் அது துணியால் முகத்தை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

அப்படி வந்த ஓர் அக்காவுக்கு ஒரு பக்கத் தாடையை எடுத்துவிட்டு டைட்டானியம் தகடு வைத்தார்கள். வாயில் தையல் ஆறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வாய் வழியாகக் கூடாது. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில்தான் சாப்பாடு. நர்ஸ்களுக்கு இது தெரிந்த வேலைதான். தலைப்பக்கத்தை உயர்த்தி, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வெறும் குழலைத் தோள் உயரத்தில் பிடித்துப் பாலை ஊற்ற வேண்டும். அது தன் பாட்டுக்கு இறங்கும். அவசரப்பட்டுத் தள்ளினால் குமட்டும், குமட்டினால் தையலுக்கு ஆபத்து. ஆகவே கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பதுதான் வேலை.

ஊரில் ஒரே ஷிஃப்டில் அத்தனை நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு, ஒருவர் அருகில் இப்படி நிற்க நேரம் கிடைத்ததே இல்லை. அந்த அக்காவால் பேச முடியாது. எனக்கு அங்கே பேசுகிற கிரியோ மொழி தெரியாது. நடுவில் நின்றவள் மொழிபெயர்க்கும் உள்ளூர்ப் பெண். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் ஐந்து வாக்கியம் சொல்வாள், சொல்லும்போதே நோயாளியின் பாதத்தைத் தடவிக் கொடுப்பாள். துணைக்கு வந்திருந்த தங்கையின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அந்தத் தங்கை ஓரிரு நாளில் என்னைவிடப் பொறுமையாகப் பிடித்தாள்.

எங்கள் வார்டில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். அந்த நாட்டிலும் அவர்களே பெரும்பான்மை. கட்டிலோரம் தொழுகை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வார்டில் கொட்டும் பாட்டுமாக ஆராதனை நடக்கும். விரும்பியவர்கள் வருவார்கள், வராதவர்களுக்கும் மருந்து அதே நேரத்துக்குப் போகும். இன்ன மதம் என்று பார்த்துக் கட்டில் கொடுப்பதில்லை, கொடுத்த கட்டிலுக்குக் கைமாறாக எதையும் கேட்பதும் இல்லை. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வலியில் கிடக்கிற ஒருவரிடம், அவருடைய மருந்து நம் கையில் இருக்கும்போது, விசுவாசத்தைப் பற்றிப் பேரம் போல எதையும் பேசிவிடக் கூடாது. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார். திரும்பி வந்தவன் ஒருவன்தான், அதற்காக மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

குறுகிய காலப் பயணங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: டிக்கெட்டுக்குச் செலவழித்த பணத்தை அப்படியே அனுப்பியிருந்தால் அங்குள்ள ஒரு நர்ஸுக்குப் பல மாதச் சம்பளம் ஆகியிருக்குமே என்று. இது நியாயமான கேள்வி. பதில் வேலையைப் பொறுத்தது. சுவர் கட்டவும் வெள்ளையடிக்கவும் கடல் தாண்டிப் போக வேண்டாம், அந்தக் கூலி அங்குள்ளவருக்குச் சேரட்டும். தேர்ந்த கை தேவைப்படுகிற இடத்தில், அங்குள்ளவர்கள் கேட்கிற காலத்துக்கு, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டும் அவர்களிடம் கற்றுக்கொண்டும் வேலை செய்வது வேறு. உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அந்தக் கப்பலின் வேலைகளில் ஒன்று. அது இல்லாமல் ஆபரேஷன் மட்டும் நடந்திருந்தால் எனக்கு மனநிறைவு இருந்திருக்காது.

தியாகம் என்ற சொல்லை என் பயணத்துக்கு யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சியரா லியோனின் கெனிமா நகர அரசு ஆஸ்பத்திரியில் எபோலா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷேக் உமர் கான், 2014 ஜூலையில் அதே நோயில் இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் அவரைப் போல நர்ஸ்கள் பலரும் போனார்கள். அவர்களுடைய நாட்டுக்குத்தான் நான் சில வாரம் உதவப் போனேன்.

ஊழியம் என்று பார்த்தாலும் அந்த மண் நம்மிடம் கைநீட்டிக் கற்றுக்கொள்ள வேண்டிய மண் இல்லை. ஃப்ரீடவுனில் ஃபோரா பே கல்லூரியை 1827-இல் இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சங்கம் (சி.எம்.எஸ்.) தொடங்கியது. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட சாமுவேல் அஜாயி கிரௌதர் அங்கே படித்து, நைஜீரியாவில் ஊழியம் செய்து, 1864-இல் பிஷப் ஆனார். திருநெல்வேலிக்கு மிஷனெரி ரேனியஸை அனுப்பியதும் இதே சி.எம்.எஸ்.தான்.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். புரொஜெக்டர் தயாராக இருந்தது. நோயாளிகளின் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை, தன்னார்வலர்கள் எடுக்கக் கூடாது என்பது விதி. கப்பலையும், ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த சகாராவின் புழுதி படர்ந்து மங்கிய வானத்தையும் காட்டினேன். வாலிபர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வீங்கிய முகங்களைத் திரையில் காட்டிக் காணிக்கை எடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். நம் அம்மாவின் முகம் அப்படி வேறொரு நாட்டுச் சபையில் ஓடினால் பொறுப்போமா? என்ன வேலை செய்தாய், யாருக்குக் கீழே செய்தாய், நீ வந்த பிறகு அதை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிகிறவரைத் தாராளமாக மறுபடி அனுப்பலாம்.

போக விரும்பும் நர்ஸ் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. படிப்பு முடிந்த கையோடு ஓட வேண்டாம், முதலில் நம்மூர் வார்டில் கொஞ்ச வருஷம் வேலை பாருங்கள். அந்த அனுபவத்தைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள். விண்ணப்பம், நர்சிங் கவுன்சில் சான்றிதழ், தடுப்பூசி எல்லாம் சேர மாதக்கணக்காகும். அதற்குள் அந்த நாட்டு மொழியில் வலிக்கிறதா, பசிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்ற அளவுக்காவது படித்து வையுங்கள். கிரியோவில் எழுதி வைத்த என் சின்ன நோட்டு இருக்கிறது, கேட்பவர்களுக்கு நகல் எடுத்துத் தருகிறேன்.