யாருக்கு எந்த இடத்தில் சிரிப்பு வந்தது

26 ஜூலை 2024, வெள்ளி

மார்வெல் சூப்பர்ஹீரோ படம் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' முதல் நாளே பார்த்தாயிற்று. வசனத்தில் பாதி காதில் விழவில்லை. டெட்பூலாக வரும் ரையன் ரெனால்ட்ஸ் மூச்சு விடாமல் பேசுகிறார், ஒரு ஜோக்குக்கான கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த இரண்டு ஜோக் போய்விடுகிறது. என்ன சொன்னான் என்று பக்கத்தில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹியூ ஜாக்மன் கடைசியில் அந்த மஞ்சள் உடுப்புக்கான முகமூடியை இழுத்து மாட்டும் இடத்தில் கத்திய கத்தல் இருக்கிறதே! 2000-இல் 'எக்ஸ்-மென்' என்ற சூப்பர்ஹீரோ குழுப் படத்தில் முதன்முதலாக வுல்வரினாக வந்த மனிதர். காமிக்ஸில் இருந்த அதே கோலத்தில் அவரைத் திரையில் பார்க்க 24 வருடம் ஆகியிருக்கிறது. எனக்கும் தொண்டை கட்டிவிட்டது, மறைப்பானேன்.

நல்ல படமா? நாளைக்கு யோசிக்கலாம்.

27 ஜூலை

போனைத் திறக்கவே முடியவில்லை. யார் யார் திடீரென்று வருகிறார்கள் என்று புகைப்படத்தோடு போட்டுவிட்டார்கள். இன்னும் பார்க்காத அண்ணன் மகன் எல்லாக் குழுக்களையும் விட்டு வெளியேறிவிட்டான். புத்திசாலி.

28 ஜூலை, ஞாயிறு

படம் பார்த்தபோது என்னோடு வந்த நண்பன் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். அவனுக்குப் படம் பிடிக்கவே இல்லை. காரணம் முதல் காட்சி.

2017-இல் ஜேம்ஸ் மேங்கோல்ட் எடுத்த 'லோகன்' வுல்வரினைக் கொன்று புதைத்து, கல்லறை மேல் நட்ட சிலுவையைச் சாய்த்து எக்ஸ் குறியாக வைத்து முடித்தது. அந்தக் குழியைத்தான் டெட்பூல் இங்கே தோண்டுகிறான். எலும்புக்கூட்டை எடுத்து, அந்த எலும்புகளாலேயே வந்தவனையெல்லாம் குத்திச் சாய்க்கிறான், பின்னணியில் துள்ளலான பாட்டு வேறு. அரங்கமே ஆடியது. "எல்லாரும் அழுத சாவுடா அது. அதை வச்சு டான்ஸ் ஆடுறானுங்க" என்கிறான் நண்பன்.

அவன் கோபம் புரிகிறது. ஆனால் ஒன்று, இந்தப் படம் 'லோகன்' நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. அவன் செத்தது செத்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, வேறொரு உலகத்து வுல்வரினை அழைத்து வருகிறது. இதைச் சொன்னேன். "வக்கீல் வாதம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டான்.

இதற்கு நடுவே சான் டியகோ காமிக்-கானில் இருந்து செய்தி: ராபர்ட் டவுனி ஜூனியர் திரும்பி வருகிறாராம், அயர்ன் மேனாக இல்லை, டாக்டர் டூம் என்ற வில்லனாக. நண்பனுக்கு இது போதாதா? "பார்த்தியா, இனிமே இதே பிழைப்புதான்" என்று ஒரு மணி நேரம் பேசினான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

30 ஜூலை

அமெரிக்காவில் மட்டும் முதல் மூன்று நாளில் 21.1 கோடி டாலர். அங்கே 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குள் இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் போகலாம்) வாங்கிய படம் எதுவும் இவ்வளவு பெரிய தொடக்கம் கண்டதில்லை. 2016-இல் முதல் 'டெட்பூல்' 13 கோடியைத் தாண்டியதே அப்போது பெரிய விஷயம்.

சினிமாஸ்கோரில் 'ஏ' கிடைத்திருக்கிறது. அரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம் ஒரு சீட்டைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். அதுவும் முதல் நாள். முதல் நாள் யார் போகிறார்கள்? பிடிக்கும் என்று முடிவு செய்துகொண்டு போகிறவர்கள். முந்தைய இரண்டு டெட்பூல் படங்களுக்கும் இதே 'ஏ'தான். அதே ரசிகர்கள் போன வருடம் 'தி மார்வெல்ஸ்' படத்துக்கு 'பி' போட்டார்கள் என்பதால் முழுக்கக் குருட்டு அன்பு என்றும் சொல்லிவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால் 'லோகன்' வாங்கியது 'ஏ மைனஸ்'. நண்பனிடம் இதைச் சொல்லவில்லை, சண்டை வளரும்.

2 ஆகஸ்ட், வெள்ளி

அண்ணன் மகன் ஒருவழியாகப் பார்த்துவிட்டான். கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். அவன் வளர்ந்தது அவெஞ்சர்ஸ் காலத்தில், அதற்கு முந்தைய, ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த மார்வெல் படங்கள் அவனுக்குத் தாத்தா காலத்துச் சமாச்சாரம். அவனோடு பேசிய பிறகுதான் இந்தப் படத்தின் ஜோக்குகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது பிடிபட்டது.

கிறிஸ் எவான்ஸ் வருகிற இடத்தையே எடுத்துக்கொள்வோம். முக்காடு விலகியதும் கேப்டன் அமெரிக்கா வந்துவிட்டார் என்று டெட்பூல் பரவசப்படுகிறான். அண்ணன் மகனும் அப்படியே நம்பிக் கை தட்டியிருக்கிறான். அடுத்த நொடி அவர் நெருப்பாகப் பறக்க முயல்கிறார்: 2005 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் நடித்த ஜானி ஸ்டார்ம்! ஏமாந்ததில் அவனுக்கு ஒரு சிரிப்பு. அந்தப் பழைய படம் ஞாபகத்தில் இருந்த எனக்கு, அரங்கம் ஏமாறப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு சிரிப்பு. ஒரே ஜோக், இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. இப்படி எழுதுவது கடினம்.

சானிங் டேட்டம் காம்பிட் என்ற எக்ஸ்-மென் ஹீரோவாக வந்தது அப்படி இல்லை. அவர் பல வருடம் முயன்ற காம்பிட் படம், ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிய 2019-இல் கைவிடப்பட்டது. இந்தக் கதை தெரிந்தால்தான் அவர் புலம்புவது ஜோக்காகக் காதில் விழும். படம் பார்க்கிறவனுக்கு எழுதியதில்லை, சினிமாச் செய்தி படிக்கிறவனுக்கு எழுதியது. "எல்லாரும் சிரிச்சாங்க சித்தப்பா, நானும் சிரிச்சு வெச்சேன்" என்றான். எத்தனை பேர் அப்படிச் சிரித்து வைத்திருப்பார்கள்!

பழைய பிளேடு படங்களின் நாயகன் வெஸ்லி ஸ்னைப்ஸ் விஷயத்தில் மட்டும் அவன் என்னை மடக்கினான். அவன் ஒரு பிளேடு படம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மனிதர் நின்ற தோரணையிலேயே பெரிய ஆள் என்று தெரிந்ததாம். இதற்குப் பழைய படம் எதுவும் தேவைப்படவில்லை. நடிகர் என்றால் அப்படி.

5 ஆகஸ்ட்

அலுவலகத்தில் ஒரு தோழி. குத்து வெட்டு படம் என்றாலே ஓடுகிறவர், கணவருக்காகப் போயிருக்கிறார். "அந்த மொட்டைத் தலைப் பெண்ணை ஏன் வீணடித்தார்கள்?" என்று கேட்டார். எம்மா கொரின் நடித்த கசாண்ட்ரா நோவா. எக்ஸ்-மென் தலைவர் பேராசிரியர் சேவியரின் இரட்டைச் சகோதரி, அடுத்தவர் மண்டைக்குள் விரலை விட்டு நினைவைத் துழாவுகிறவள். உண்மையிலேயே உடம்பு கூசுகிறது. ஆனால் அவளுக்கு என்னதான் வேண்டும் என்பது காட்சிக்குக் காட்சி மாறுகிறது. அவர் கேட்டது சரியான கேள்வி. ரசிகர்கள் யாரும் இதைக் கேட்காதது ஆச்சரியம், நான் உட்பட.

12 ஆகஸ்ட்

உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கூட்டம் குறைந்த பகல் காட்சிக்கு மறுபடி போனேன், முதல் நாள் தவறவிட்ட வசனங்களுக்காக.

படம் வேறு மாதிரி தெரிந்தது. கைதட்டுவதற்காக விட்ட இடைவெளிகள் எல்லாம் வெறும் இடைவெளியாக நிற்கின்றன. யாராவது வந்து நின்றதும் கேமரா ஒரு கணம் காத்திருக்கிறது, அரங்கில் சத்தமே இல்லை.

மாறாக, வேனுக்குள் நடக்கும் சண்டை இரண்டு மடங்கு பலமாக இருந்தது. வுல்வரினின் உலகத்தைச் சரிசெய்ய முடியும் என்று டெட்பூல் சொன்னது பொய் என்று தெரிந்ததும் வுல்வரின் கொட்டித் தீர்க்கிறான். ஜாக்மன் அங்கே நகைச்சுவைப் படத்தில் இருப்பதையே மறந்துவிட்டார். தன் கூட்டாளிகள் கொல்லப்பட்டபோது குடித்துக்கொண்டிருந்தவன் அவன், அந்தக் குற்ற உணர்ச்சியை யார் மேலாவது எறிய வேண்டும். எதிரே இருப்பவனோ வாயை மூடினால் செத்துவிடுவான். எந்தப் பழைய படமும் பார்க்காமல் இந்தக் காட்சி புரியும். இரண்டு பேரை இப்படி ஒரு வண்டியில் அடைத்து இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருக்கலாம் இயக்குநர் ஷான் லெவி. அதற்குப் பதில் விருந்தாளிகள்.

இதை நண்பனுக்கு அனுப்பினேன். "வேன் சீன் ஓகே" என்று பதில் வந்தது. அவனிடமிருந்து இதுவே பெரிய பாராட்டு.

18 ஆகஸ்ட்

'ஜோக்கர்' படத்தைத் தாண்டி, 'ஆர்' சான்றிதழ் படங்களில் உலக வசூலில் முதலிடம். சரி.

14 நவம்பர், வியாழன்

இந்த வாரம் ஓடிடியில் வந்துவிட்டது. நேற்று அண்ணியோடு உட்கார்ந்து பார்த்தோம். அண்ணி இதுவரை ஒரு சூப்பர்ஹீரோ படமும் பார்த்ததில்லை. அண்ணன் மகன் ஒவ்வொரு முகத்துக்கும் விளக்கம் சொல்லத் தொடங்க, பத்தாவது நிமிடத்தில் "நீ பேசாம இரு, எனக்குப் புரியறது புரியட்டும்" என்று அடக்கிவிட்டார்.

காம்பிட் பேச்சு இழுவையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், படம் கைவிடப்பட்ட கதையெல்லாம் தெரியாமலே. அது போகட்டும், அங்கே என் கணக்கு தப்பியது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில் வேறொரு உலகத்து வுல்வரினாகச் சுருட்டோடு திரும்பிய இடத்தில் "இவர் யாரு, நல்லா இருக்காரே" என்றார், அவ்வளவுதான். காலத்தை நிர்வகிக்கும் அலுவலகம், உலகங்கள் அழிவது இதெல்லாம் வந்தபோது போனை எடுத்துவிட்டார். தீ மூட்டி, 'லோகன்' படத்தில் வுல்வரினின் மகளாக வந்த லாராவும் வுல்வரினும் பேசும் காட்சியில் போனைக் கீழே வைத்தார். கடைசியில் பெயர்ப் பட்டியலோடு ஃபாக்ஸ் படங்களின் பழைய படப்பிடிப்புத் துணுக்குகள் ஓடுகின்றன அல்லவா, அதை எழுந்திருக்காமல் பார்த்துவிட்டு, "இவ்வளவு வருஷமாவா இந்த ஆளு இதையே பண்றாரு?" என்றார்.

இப்போது லாராவின் கதை அவருக்கு வேண்டுமாம். மகன் 2000-இல் தொடங்கி ஒரு நீளமான பட்டியல் போட்டுக் கொடுத்தான். அண்ணி அதை மடித்து வைத்துவிட்டார், 'லோகன்' மட்டும் போதும் என்று. சனிக்கிழமை பார்க்கிறோம். நண்பனையும் அழைத்திருக்கிறேன். டெட்பூலைத் திட்டிக்கொண்டே பார்க்கக் கூடாது என்பது அண்ணியின் நிபந்தனை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.