அதிகார எண்களை மறைத்துக்கொண்டு மாற்கு படியுங்கள்

புதிய ஏற்பாட்டுத் தாளின் முடிவு நேற்று முன்தினம் வந்தது. தேறிவிட்டேன். போன வருஷம் இதே தாளில் எனக்கு அரியர் விழுந்தது. இரண்டு தடவையும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: மாற்கு நற்செய்தி நிறுவனங்களையும் அதிகாரத்தையும் எப்படி விமர்சிக்கிறது? அதனால் எங்கே சறுக்கினேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அடுத்த முறை எழுதப் போகிறவர்களுக்கு இது உதவட்டும்.

சறுக்கியது, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசில். அதை நான் பிரசங்கமாக எழுதிவிட்டேன். இருந்ததையெல்லாம் கொடுத்தாள், நாமும் மனப்பூர்வமாய்க் கொடுக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். சின்ன வயதிலிருந்து அறுப்பின் பண்டிகைதோறும் கேட்டு வளர்ந்த பிரசங்கம், பேனாவை எடுத்ததும் தானாக வந்தது. கேட்டது அதிகாரம், நான் எழுதியது காணிக்கை.

தோற்ற பிறகு 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, மாற்கு முழுவதையும் கையால் எழுதினேன். அதிகார எண் இல்லாமல், வசன எண் இல்லாமல், அச்சிட்ட வேதாகமத்தில் நடுநடுவே வருகிற தலைப்புகளும் இல்லாமல். இருபத்துச் சொச்சம் நாள் ஆனது. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551இல் வந்தவை. மாற்கை எழுதியவருக்கு இவை எதுவும் தெரியாது.

எண்களை எடுத்தவுடன் அந்த விதவைக்கு அக்கம்பக்கம் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சற்று முன்னால், வேதச் சட்டத்தைப் போதிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு சொல்கிறார்: 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து', பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள். அந்தப் பேச்சு முடிந்த கையோடு ஒரு விதவை வந்து, தன் 'ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்' பெட்டியில் போடுகிறாள். அவளுக்கு அடுத்த வரியில் ஒரு சீஷன் ஆலயத்தின் கல்லையும் கட்டடத்தையும் காட்டி வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. இது ஒரே மூச்சில் சொன்ன கதை. நடுவில் 13 என்ற எண்ணைப் போட்டு நாம்தான் சுவர் எழுப்பியிருக்கிறோம். 'நீங்களும் இப்படிச் செய்யுங்கள்' என்று இயேசு அங்கே ஓரிடத்திலும் சொல்லவில்லை, பாருங்கள். இது பாராட்டு அல்ல, புலம்பல் என்று வேதாகம அறிஞர் அடிசன் ரைட் 1982இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எல்லோரும் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன்.

ஏற்பதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. அப்பா இறந்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுப் போனோம். சபைச் சந்தா நோட்டைப் புரட்டி, பதினான்கு மாதப் பாக்கி என்றார்கள். அம்மா பீடி சுற்றிச் சேர்த்து வாங்கிய கம்மலைக் கழற்றி என் கையில் வைத்து, அடகுக் கடைக்கு அனுப்பினார். பாக்கியைக் கட்டிய பிறகுதான் குழி வெட்ட ஆள் வந்தது. ஆலயத்துக்கு அப்போது புது மார்பிள் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் அந்தப் பகுதியை எழுதிய இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏய்யா, அவ ராத்திரிக்கு என்னத்தச் சாப்பிட்டா?" என்றார். இந்த முறை என் விடையின் முதல் வரி அந்தக் கேள்விதான். வழக்கமான முன்னுரை எழுதவில்லை.

இதே முறையில் படித்தால் கிடைக்கிற மற்றவை:

- அத்திமரம், ஆலயம், மறுபடி அத்திமரம். இயேசு மரத்தைச் சபிக்கிறார், ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்துகிறார், பிறகு மரம் பட்டுப்போயிருக்கிறது. மரத்தின் கதைக்குள் ஆலயத்தை வைத்திருக்கிறார் மாற்கு. இலை நிறைய, கனி இல்லை. புறா விற்கிறவர்களின் ஆசனங்களை ஏன் கவிழ்த்தார் என்று எழுதுங்கள். புறா ஏழைகளின் பலி.

- ஏரோதின் விருந்தும் ஐயாயிரம் பேருக்கு அப்பமும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் பந்தியில் பிரபுக்கள், சேனாதிபதிகள், தாலத்தில் யோவான் ஸ்நானகனின் தலை. இரண்டாவது பந்தியில் பசும்புல், எல்லோரும் சாப்பிட்டுத் திருப்தியடைகிறார்கள்.

- பிசாசு பிடித்தவன் தன் பெயர் என்று சொல்கிற லேகியோன் என்பது ரோமப் படைப்பிரிவின் பெயர். இது எல்லோரும் எழுதுவது. ஊரார் இயேசுவைப் போய்விடச் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.

- கொர்பான் (7ஆம் அதிகாரம்) சின்னப் பகுதி, விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பிப்பது.

யூத மதத்தை வில்லனாக்கி எழுதாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இயேசு யூதர். ஆலயத்தை அவர் 'கள்ளர் குகை' என்றது எரேமியா தீர்க்கதரிசியின் வார்த்தை. விதவை வருகிற அதே 12ஆம் அதிகாரத்தில் ஒரு வேதபாரகனிடம், நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்கிறார். மாற்கின் கோபம் ஓர் இனத்தின்மேல் அல்ல, ஏழையைத் தின்கிற ஏற்பாட்டின்மேல்.

அப்புறம், அந்தக் கோபம் சீஷர்கள் பக்கமும் திரும்புகிறது. எனக்கு இந்த முறை அதிக மதிப்பெண் வந்தது இங்கே என்றே நினைக்கிறேன். 10ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் இயேசுவுக்கு வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்கிறார்கள். புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், 'உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது' என்று பதில் வருகிறது. வலது, இடது என்ற அந்தச் சொற்களை நோட்டில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தேன். ஐந்து அதிகாரம் தாண்டி அதே சொற்கள் திரும்ப வந்தன. சிலுவையில் அவருக்கு வலதுபக்கம் ஒரு கள்ளன், இடதுபக்கம் ஒரு கள்ளன்.

நேரம் குறைவாக இருந்தால் லேகியோனை விடுங்கள், 10ஆம் அதிகாரத்தை விடாதீர்கள். முடிவுரைக்கு 16:8 போதும். அதற்குப் பின்னால் வருகிற பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இல்லை. இயேசு பரலோகத்துக்குப் போய் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்காருவதும் அந்தப் பன்னிரண்டுக்குள்தான் வருகிறது. எட்டாம் வசனத்தில் இருப்பது திறந்த கல்லறையும், நடுங்கி ஓடுகிற மூன்று பெண்களும்.