கல்லூரி திறக்கப் போகிறது

அடுத்த வாரம் மதுரையில் எங்கள் கல்லூரி திறக்கிறது. இன்று இசை அறைத் தம்புராக்களுக்குப் புதுக் கம்பி மாற்றினேன். தாழ்ந்த ஒலி தரும் மந்தரத்துக்குப் பித்தளை, மற்ற மூன்றுக்கும் எஃகு. கம்பிகளைத் தாங்கும் குதிரை மேல் ஜீவா என்னும் நூலை நகர்த்தி நகர்த்தி ரீங்காரம் எழும் இடத்தைப் பிடிப்பதிலேயே மதியம் போய்விட்டது. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வசதிதான். ஆனாலும் முதலாண்டுப் பிள்ளைகள் அந்த அதிர்வைத் தோளில் உணர்ந்து பாட வேண்டும், அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

பாடத்திட்டம், அட்டவணை எல்லாம் தயார். முதல் வாரம் ஆரம்பப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளை கிடையாது, குரல்களைக் கேட்பது மட்டும்தான். சுருதியைப் பெண்ணென்றால் ஐந்து கட்டை, ஆணென்றால் ஒரு கட்டை என்று நிறுத்தினால் பலருக்குத் தொண்டை இறுகிவிடும். மேல் பஞ்சமமும் (‘ப’) கீழ்ப் பஞ்சமமும் சிரமமின்றித் தொடும் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, எது என்று ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்த்து எழுதிக்கொள்வேன். தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை அப்புறம்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருபவர்கள் கும்மியும் ஒப்பாரியும் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். நல்ல காது அது, மதிக்க வேண்டும். 1916-இல் இதே ஊரில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, பெயரிலேயே மதுரையைச் சுமந்த மணி ஐயர், சோமு மூவரையும் முதல் நாளே கேட்க வைக்கப் போகிறேன். எவ்வளவு வேறு வேறான பாட்டு!

யார் வீட்டிலாவது தம்புரா சும்மா இருந்தால் சொல்லுங்கள். வகுப்புக்கு இன்னொன்று தேவைப்படுகிறது.