ஒரே குரலில் அப்பாவும் மகனும்

பேருந்தில் இன்று காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு நடுவே பிரிட்டிஷ் பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் 'ஃபாதர் அண்ட் சன்' வந்தது. இறங்கும் வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அப்பா பேசும்போது குரல் தாழ்ந்து, நிதானமாக வருகிறது. மகன் பேசத் தொடங்கியதும் அதே குரல் மேலே ஏறி உடைகிறது.

பாடுவது ஒரே ஆள்.

ரஷ்யப் புரட்சி பற்றிய இசை நாடகம் ஒன்றுக்காக எழுதிய பாட்டு இது. புரட்சியில் சேரத் துடிக்கும் பையன், போகாதே என்னும் விவசாயி அப்பா. நாடகம் கைகூடவில்லை, பாட்டு தங்கிவிட்டது. 1970-இல் வெளியானபோது அவருக்கு வயது 22.

அப்புறம் 2020-இல், பின்னாளில் தான் வைத்துக்கொண்ட யூசுஃப் என்ற பெயரோடு இதை மறுபடியும் வெளியிட்டார். மகனுக்கு 1970-இல் மேடையில் பாடிய தன் பழைய குரலையே வைத்துக்கொண்டார். அப்பாவை மட்டும் எழுபது தாண்டிய குரலில் புதிதாகப் பாடினார். கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனாலும் எனக்குப் பழையதுதான் உயிர். வீட்டை விட்டுக் கிளம்பும் வயதில் இருக்கிற ஒருவன், தடுக்கிற அப்பாவின் கவலையையும் இத்தனை பரிவோடு பாடியிருக்கிறான். அந்த வயதில் நம்மில் எத்தனை பேருக்கு அது தோன்றியிருக்கும்?