பதினொரு ஆட்டம், எதிரணிகளுக்கு ஒரு புள்ளியும் இல்லை

போன கிழமை பெறாமகன் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய அணிப் படம் அனுப்பினான். அவன் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், ஆன் ஆர்பர் என்கிற ஊர். "சித்தப்பா, நீங்கள் கோல் கீப்பராய் இருந்தனீங்கள்தானே, இந்த டீமைப் பற்றி ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்று கீழே எழுதியிருந்தான். வாசிக்கத் தொடங்கி மூன்று இரவு அதோடேயே போய்விட்டது.

1901ஆம் ஆண்டு மிச்சிகன் அணி. பதினொரு ஆட்டம் ஆடி, பதினொன்றிலும் வெற்றி. எடுத்த புள்ளி 550, கொடுத்தது பூச்சியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் உதைபந்தாட்டம் இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும், அதுதான் டச்டவுன், அப்போது அதற்கு 5 புள்ளி. பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906 வரைக்கும் அனுமதி இல்லை. ஆகவே ஓட்டமும் மோதலும்தான். மூன்று முயற்சிக்குள் 5 யார் தூரம் முன்னேறாவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். தாக்குகிற அதே பதினொரு பேர்தான் திரும்பி நின்று தடுக்கவும் வேண்டும், இன்றைக்குப் போல அதற்கு வேறு இதற்கு வேறு என்று ஆட்கள் கிடையாது.

பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். இவர் கதைதான் எனக்கு நல்லாய்ப் பிடித்தது. 1900இல் ஸ்டான்ஃபோர்ட் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அங்கே பழைய மாணவர்தான் பயிற்சியாளராக இருக்கலாம் என்று விதி கொண்டுவந்ததால் வேலை போய்விட்டது. அடுத்த ஆண்டே மிச்சிகனுக்கு வந்தார். ஒரு ஆட்டக்காரன் விழுந்து எழும்ப முன்னமே "கெதியாய், கெதியாய்" என்று அடுத்த முயற்சிக்கு அணியை விரட்டுவாராம், அதனால் அவசரப்படுத்துகிறவர் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

பஃபலோவை 128க்கு 0 என்று அடித்ததைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். என் மனம் நின்றது ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடிய ஆட்டத்தில், 21க்கு 0, அந்தப் பருவத்திலேயே மிகக் குறைந்த புள்ளி. நூற்றுக்கணக்கில் புள்ளி வருகிற நாளில் எதிரணி ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும், தடுப்பது பெரிய வேலை இல்லை. புள்ளி வரச் சுணங்குகிற நாளில், உடம்பு களைத்த பிறகும் கோட்டை விடாமல் நிற்பதுதான் வேலை. ஏகாம்பரம் மைதானத்தில் கச்சான் காற்று முகத்தில் அடிக்க, ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் இருந்துகொண்டு கடைசிப் பத்து நிமிடம் நான் கோலுக்குள் நின்றிருக்கிறேன், ஒரு தரம் அதைக் காப்பாற்ற முடியாமலும் போயிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தப் பந்து வந்த பக்கம் எனக்குத் தெரியும். அப்படி ஒரு தரம்கூட நடக்காமல் ஒரு பருவம் முழுவதும்!

சரி, கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவில் பசடீனா. அங்கே புதுவருடத்துக்கு ரோஜா விழா நடக்கும், அதில் முதல் தடவையாக இந்த ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் போட்டியையும் சேர்த்தார்கள். மிச்சிகன்காரர் குளிருக்குள்ளிருந்து ரயிலேறி நாட்டின் மேற்குக் கரைக்குப் போனார்கள். எதிரே நின்றது ஸ்டான்ஃபோர்ட், யோஸ்டை விட்ட அதே ஸ்டான்ஃபோர்ட். இடைவேளையில் 17க்கு 0. மிச்சிகனின் நீல் ஸ்னோ என்கிறவர் மட்டும் மொத்தம் ஐந்து டச்டவுன் போட்டார். வில்லி ஹெஸ்டன் என்கிறவரின் ஓட்டத்தை ஸ்டான்ஃபோர்ட்டால் பிடிக்க முடியவில்லை. ஆட்டம் முடிய இன்னும் 8 நிமிடம் இருக்க, 49க்கு 0 என்ற நிலையில், ஸ்டான்ஃபோர்ட் தலைவர் வந்து, இத்தோடு போதும் என்று கேட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் அடிபட்டவர்கள் அவ்வளவு பேர். நான் அதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன், தன் ஆட்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். மிச்சிகன் பக்கத்தில் ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை, இறங்கிய அதே பதினொரு பேரும் கடைசி வரைக்கும் நின்றார்கள்.

ஆட்டம் இப்படி ஒருதலையாகப் போனதால் விழாக்காரர் அடுத்த ஆண்டு அதை விட்டுவிட்டார்கள். பிறகு சில ஆண்டுகள் குதிரை பூட்டிய தேர்ப் பந்தயம்கூட நடத்திப் பார்த்தார்கள். 1916இல்தான் அந்த ஆட்டம் திரும்ப வந்தது.

யோஸ்டின் அணி 1905 வரை 56 ஆட்டம் தோற்கவேயில்லை. கடைசியில் சிக்காகோவிடம் தோற்றது 2க்கு 0 என்று, வெறும் இரண்டே புள்ளி. அந்த இரண்டு புள்ளியைக் கொடுத்த பையன் அன்றிரவு எப்படிப் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

யோஸ்ட் பெயரில் அங்கே ஒரு விளையாட்டரங்கு இப்பவும் இருக்கிறது. அதைப் போய்ப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பெறாமகனுக்கு எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை போவானாம்.